மிஷினுக்குச் சந்தனம் வைத்தாச்சு, ஆளுக்கு?

இளைஞர் வகுப்புப் பாடம்: வேலையிடத்தில் மனநலமும் மகிழ்ச்சியும்



இந்த மாதப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேலை. நம் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறீர்கள். மீதிப் பேரில் பலர் படித்துக்கொண்டே பகுதி நேர வேலை பார்க்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் கோயிலுக்கு 1 மணி நேரம், நம் வகுப்புக்கு 2 மணி நேரம், வேலையிடத்துக்கு 45 மணி நேரம். அந்த 45 மணி நேரத்தில் தர்மத்துக்கு இடம் இல்லையென்றால், இந்த 3 மணி நேரத்தில் நாம் படிக்கிறதெல்லாம் எதற்கு?

வகுப்பு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது உங்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கிற பேச்சு இது:

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வயித்தைக் கலக்குதுண்ணே."

"எம்.சி. எடுத்தா மறுநாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிறாங்க."

"வேலை பிடிக்கும்ணே. அங்க இருக்கிற ஆளுங்களைத்தான் தாங்க முடியல."

இதற்குப் பல நிறுவனங்கள் கொடுக்கிற மருந்து என்ன? மாதம் ஒரு தடவை பிறந்தநாள் கேக், வருஷத்துக்கு ஒரு குடும்ப தினம், ஒரே நிறத்தில் டி-சட்டை, ஆண்டு விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கு. கேக் சாப்பிடுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் கேக் வெட்டிய மறுநாளும் வயிறு கலக்கத்தான் செய்கிறது. அப்படியென்றால் குறை வேறு எங்கேயோ இருக்கிறது. அது எங்கே என்று தேடுவதுதான் இன்றைய பாடம்.

1. சோர்வு வேறு, சோம்பல் வேறு

முதலில் ஒரு பழிச்சொல்லைத் துடைத்துவிடுவோம். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்லை, ரெண்டு மாசத்துல வேலையை விட்டுடுறாங்க" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சில பேர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாச் சோர்வும் சோம்பல் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, வேலையினால் மனசு கருகிப் போகும் நிலையைத் தெளிவாக விவரித்தது. ஆங்கிலத்தில் இதைப் 'பர்ன்அவுட்' என்கிறோம். அதை ஒரு நோய் என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. வேலை சார்ந்து ஏற்படும் நிலை என்றது. வேலையிடத்து நெருக்கடியை நெடுநாள் சரிவரக் கையாளாமல் விட்டால் இது வரும் என்றும் சொன்னது. அதற்கு மூன்று அடையாளங்கள். உடம்பிலும் மனசிலும் தெம்பே இல்லாமல் போவது ஒன்று. வேலையின் மேல் வெறுப்பு வந்து, மனசு அதைவிட்டு விலகி நிற்பது இரண்டு. 'நான் செய்கிற எதுவும் உருப்படியாக இல்லை' என்ற எண்ணம் வருவது மூன்று.

சோம்பேறிக்கு இந்த மூன்றாவது அடையாளம் வராது என்பதைக் கவனியுங்கள். நன்றாகச் செய்யவேண்டும் என்று நினைக்கிறவனுக்குத்தான் 'சரியாகச் செய்யவில்லையே' என்ற வலி வரும்.

இன்னொரு பாடமும் இங்கே உதவும். பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பொறியியலாளர்கள், கணக்காளர்கள் என்று சுமார் 200 பேரிடம், வேலையில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த நேரம் எது, மிகவும் வெறுத்துப்போன நேரம் எது என்று கேட்டார். 1959-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். வெறுப்புக்குச் சொன்ன காரணங்கள் ஒரு வகை: நியாயமில்லாத விதிகள், மேலதிகாரியின் போக்கு, சம்பளம், வேலைச் சூழல். மகிழ்ச்சிக்குச் சொன்ன காரணங்கள் பெரும்பாலும் வேறு வகை: ஒன்றைச் செய்து முடித்த திருப்தி, அதை யாராவது பாராட்டியது, பொறுப்புக் கிடைத்தது, முன்னேற வழி கிடைத்தது.

இதில் என்ன புரிகிறது? சம்பளமும் நியாயமும் இல்லாத இடத்தில் பாராட்டு மட்டும் கொடுத்தால் ஒட்டாது. சம்பளம் சரியாக இருந்தாலும், செய்த வேலையை யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் மனசு நிறையாது. இரண்டும் வேண்டும்.

2. ஆயுத பூஜை சொல்லித்தரும் மூன்று விஷயம்

இந்தப் பாடத்தைப் படிக்க வெளிநாட்டுப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் நம் வீட்டிலும் கடையிலும் பட்டறையிலும் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். லோரியைக் கழுவுகிறோம். மிஷினைத் துடைத்து எண்ணெய் போடுகிறோம். அன்றைக்கு அதை ஓட்டுவதில்லை. சந்தனம், குங்குமம் வைத்து, பூப்போட்டு, கும்பிடுகிறோம்.

கருவிக்கு நாம் மூன்று விஷயம் கொடுக்கிறோம்: பராமரிப்பு, ஓய்வு, மரியாதை. வருஷம் பூராவும் நமக்குச் சோறு போட்ட இரும்புக்கு இந்த மூன்றும் உண்டு. அந்த இரும்பைப் பிடித்து வேலை செய்த கைக்கு? இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பராமரிப்பு

எண்ணெய் போடாத மிஷின் ஒரு நாள் நின்றுவிடும். அது எல்லா முதலாளிக்கும் தெரியும். ஆளுக்கு எண்ணெய் என்பது நேரத்துக்குச் சம்பளம், இபிஎப், சொக்சோ, பாதுகாப்பான இடம். இதெல்லாம் சலுகை இல்லை, அடிப்படை.

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல் வந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பு குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டும் இருந்த இந்தச் சட்டம், இப்போது ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும். அதில் ஒரு முக்கியமான உரிமை சேர்ந்திருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பினால், முதலாளியிடம் சொல்லி, அவர் அதைச் சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளலாம். அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது.

மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் தம்பிகளும் நம்மில் இருக்கிறார்கள். "எங்களுக்கு யாருண்ணே முதலாளி? ஆப்-தான் முதலாளி" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உங்களுக்கும் வழி இருக்கிறது தம்பி. சுயதொழில் செய்பவர்களின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017 சொக்சோ வழியாக உங்களுக்கும் விபத்துப் பாதுகாப்பைத் தருகிறது. சந்தா கட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விழுந்த பிறகு பார்ப்பதில் பலன் இல்லை.

ஓய்வு

ஆயுத பூஜை அன்று கருவியை எடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் கண்டிப்பான விதி. பாட்டி கத்தரிக்கோலைக்கூடத் தொடவிட மாட்டார். ஓய்வும் பூஜையில் ஒரு பகுதி என்று நம் முன்னோர்கள் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் ஓய்வை எழுதி வைத்திருக்கிறது. வேலைச் சட்டம் 1955 தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது. அதன் திருத்தம் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. நீங்கள் மனப்பாடம் செய்யவேண்டிய சில விஷயங்கள் இவை:

வாரத்துக்கு வேலை நேரம் அதிகபட்சம் 45 மணி, முன்பு 48.

தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால், குறைந்தது 30 நிமிட இடைவேளை.

வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு.

சாதாரண நாளில் ஓ.டி.க்கு ஒரு மணி நேரச் சம்பளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. இது மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உரியது.

ஆண்டு விடுப்பு முதல் 2 வருஷம் வரை 8 நாள், 2 முதல் 5 வருஷம் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள்.

பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கு 7 நாள் விடுப்பும் வந்தது. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித்தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். முடியாது என்றால் காரணமும் எழுதவேண்டும்.

வயதான அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் ஒரு தங்கைக்கு இந்தக் கடைசி விதி எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள். கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்கலாம் என்பதே பல பேருக்குத் தெரிவதில்லை.

சட்டத்தில் எழுதாத ஓய்வும் ஒன்று உண்டு. ராத்திரி 11 மணிக்கு வேலைக் குழுவில் வாட்ஸ்அப் வந்தால், உடம்பு வீட்டில் இருந்தாலும் மனசு பேக்டரிக்குப் போய்விடுகிறது. மிஷினையாவது சுவிட்சைத் தட்டி நிறுத்துகிறோம். உங்களில் டீம் லீடராக இருக்கிறவர்கள் இதைக் கேளுங்கள்: அவசரம் இல்லாத செய்தியை எழுதி வைத்துக்கொண்டு காலையில் அனுப்புங்கள். உங்களுக்குக் காசு செலவில்லை. பத்துப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

மரியாதை

மூன்றாவது விஷயத்துக்கு நம்முடைய சொந்த வரலாற்றுக்குப் போகவேண்டும்.

1941-இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டன், பூட்டன்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர்.எச்.நாதன் என்பவரும் அதன் முன்னணியில் இருந்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் கண் கலங்கும். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு, சரியான மருத்துவ வசதி கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். கொடுமைக்காரச் சிப்பந்திகளை மாற்றச் சொன்னார்கள். சொந்தபந்தம் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி கேட்டார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் நாங்கள் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள்.

வயிற்றுக்கே போதாத காலம் அது. சம்பளத்தோடு சேர்த்து, சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகிற உரிமையையும் அவர்கள் கேட்டார்கள். சங்கத் தலைவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். இராணுவத்தை இறக்கிப் போராட்டத்தை அடக்கினார்கள். தொழிலாளர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வேலையிடத்தில் மரியாதை என்பது நேற்று வந்த மேல்நாட்டு நாகரிகம் என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் ஆட்கள் அதற்காக இரத்தம் சிந்தியிருக்கிறார்கள்.

இப்போது கண்ணாடியை நம் பக்கம் திருப்புவோம். நம் பிள்ளைகளில் பலர் இன்றைக்குச் சூப்பர்வைசர். கீழே வேலை செய்கிறவர் வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி, மியன்மார்க்காரர். அவர்களை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமா? "டேய் பங்ளா, இங்க வா" என்று ஒரு தமிழ்ப் பையன் கத்துவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். வயதில் அந்த மனிதர் அவனுக்கு அப்பா மாதிரி. அன்றைக்கு நம் தாத்தா சைக்கிளைவிட்டு இறங்கினார். இன்றைக்கு நாம் வேறொருவரை இறங்கச் சொல்கிறோம். பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு எந்தப் பட்ஜெட்டும் தேவையில்லை.

3. மிஷினுக்கு இல்லாத ஒன்று: வாய்

பராமரிப்பு, ஓய்வு, மரியாதை மூன்றும் மிஷினுக்கும் மனிதனுக்கும் பொது. நான்காவது ஒன்று மனிதனுக்கு மட்டும் உரியது. மிஷின் பேசாது, மனிதன் பேசுவான். அவன் பேசுவதை யாராவது காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், பின்னால் ஹார்வர்டு பேராசிரியர் ஆனவர், 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையோடு இருக்கிற குழுவில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல குழுவில்தான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. ஏன் என்று துருவிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நல்ல குழுவில் ஆட்கள் பயப்படாமல் "இங்கே தப்பு நடந்துவிட்டது" என்று சொன்னார்கள். மற்ற குழுவில் மறைத்தார்கள். அங்கே தவறு குறைவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆக, "எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு பிரச்சினையும் இல்லை" என்று ஒரு மேலாளர் பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் யோசிக்கவேண்டும். பிரச்சினை இல்லையா, சொல்ல ஆள் இல்லையா?

நான் வேலை செய்கிற இடத்தில் ஷிப்ட் தொடங்கும் முன் 5 நிமிடம் நின்றபடியே கூடுவோம். ஒரு நாள் நேப்பாளத் தொழிலாளி ஒருவர் தயங்கித் தயங்கி, மூன்றாம் நம்பர் போர்க்லிப்ட் பிரேக் பிடிக்க நேரமாகிறது என்றார். சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால் அவருக்கு நன்றி சொல்லி, அப்போதே சாவியை வாங்கி வண்டியை ஓரம் கட்டினார். அடுத்த வாரமே இன்னும் மூன்று பேர் வாய் திறந்தார்கள். முதலாவது ஆள் பேசியபோது மேலதிகாரி முகம் சுளித்திருந்தால், அந்த மூன்று பேரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

இதை நம் நூலிலேயே பார்க்கலாம். பகவத் கீதை எங்கே தொடங்குகிறது? அர்ஜுனன் வில்லைக் கீழே போட்டுவிட்டு, கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது என்று தேரில் உட்கார்ந்த இடத்தில். போர்க்களம் அவனுடைய வேலையிடம். அவன் திறமையில் குறைந்தவனும் இல்லை. முதல் அத்தியாயத்துக்கே அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். அவனுடைய துயரத்துக்கும் யோகம் என்ற பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். கிருஷ்ணர் முதலில் அவனை முழுவதும் பேச விட்டார். பிறகு கண்டித்தார், விளக்கினார், அவன் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகத்துக்கெல்லாம் பதில் சொன்னார். பதினெட்டாம் அத்தியாயத்தில், நன்றாக யோசித்து உனக்குச் சரி என்று படுவதைச் செய் என்று முடிவை அவனிடமே விடுகிறார். உலகத்துக்கே தலைவனான ஒருவர் தன் கீழ் நிற்பவனின் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டிருக்கிறார். நம் மேலாளருக்கு 5 நிமிடம் இல்லாமல் போகுமா?

4. "பலனை எதிர்பார்க்காதே" என்றால் என்ன?

இங்கே ஒரு சிக்கலை நேராகப் பேசவேண்டும். ஒரு கடையில் வேலை பார்த்த தம்பி, 4 மாத ஓ.டி. காசு வரவில்லை என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். முதலாளி நம் ஆள்தான். நெற்றி நிறைய விபூதி. அவர் சொன்ன பதில்: "கீதை படிச்சிருக்கியா தம்பி? கடமையைச் செய்யணும், பலனை எதிர்பார்க்கக் கூடாது."

அந்தத் தம்பி வகுப்பில் வந்து என்னைக் கேட்டார்: "அண்ணே, அப்ப நான் கேட்டது பாவமா?"

இல்லை தம்பி. கர்மயோகம் என்பது வேலை செய்கிறவன் தன் மனசுக்குப் போட்டுக்கொள்ளும் கடிவாளம். வெற்றி தோல்வியில் ஆடிப்போகாமல், நான் நான் என்று குதிக்காமல், செய்கிற வேலையை நன்றாகச் செய்வது. அடுத்தவன் கூலியைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் அது அனுமதிச் சீட்டு இல்லை. அந்த முதலாளி தன் சரக்குக்குக் காசு வாங்காமல் இருக்கிறாரா? பலனை எதிர்பார்க்கக் கூடாது என்ற போதனை தொழிலாளிக்கு மட்டும்தானா?

கீதையின் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பெயரே கர்மயோகம். தேவர்களும் மனிதர்களும் ஒருவரை ஒருவர் போஷித்து வாழவேண்டும் என்று அங்கே வருகிறது. பெற்றுக்கொண்டு, திருப்பிக் கொடுக்காமல் தானே அனுபவிக்கிறவனை அது திருடன் என்றே சொல்கிறது. வேள்வியைப் பற்றிச் சொன்னது அது. ஆனால் கொடுப்பதும் பெறுவதும் ஒரு வட்டம் என்ற தர்மம் கடைக்கும் பொருந்தும், பேக்டரிக்கும் பொருந்தும். ஆளின் உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியை நிறுத்தினால் அந்த வட்டம் அறுந்துபோகிறது.

ஆகையால் நியாயமான சம்பளத்தை மரியாதையாகக் கேட்பது தர்மத்துக்கு விரோதம் இல்லை. கேட்காமல் உள்ளுக்குள் புழுங்கி, முதலாளியைத் திட்டிக்கொண்டே அரைகுறையாக வேலை செய்வதுதான் கர்மயோகத்துக்கு விரோதம்.

5. நாம் என்ன செய்யலாம்?

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

வேலை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியவில்லை என்றால் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிப்போம். சம்பளச் சீட்டை மாதா மாதம் வாங்கி வையுங்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். பிரச்சினை வந்தால் முதலில் சூப்பர்வைசர், பிறகு மனிதவளப் பிரிவு, தொழிற்சங்கம் இருந்தால் சங்கம், அதற்கும் வழி பிறக்கவில்லை என்றால் தொழிலாளர் இலாகா. கோபத்தோடு போகாதீர்கள், தேதியோடும் கணக்கோடும் போங்கள்.

டீம் லீடர், சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கு

நல்லதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லுங்கள். குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாராட்டும்போது பொத்தாம் பொதுவாக "குட் ஜோப்" என்று விட்டுவிடாமல், எதை நன்றாகச் செய்தார் என்று சொல்லுங்கள். திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆளை நன்றாகப் பார்த்து வேலையைக் கொடு, கொடுத்த பிறகு நம்பி விடு என்பது அதில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம். வேலையைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால், அவருக்கும் நிம்மதி இல்லை, உங்களுக்கும் வேலை ஓடாது.

பெருநாள் காலத்தில் ஷிப்ட் மாற்றிக்கொள்வதை நீங்களே முன்நின்று ஏற்பாடு செய்யுங்கள். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாம் நின்று வேலை பார்த்தால், தைப்பூசத்துக்கு நமக்காக மற்றவர்கள் நிற்பார்கள். இந்த நாட்டில் வேலையிட மகிழ்ச்சிக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு

உணவகம், பட்டறை, முடிதிருத்தும் கடை, பூக்கடை என்று நம் இளைஞர்கள் தொழிலில் இறங்குவது பெருமையான விஷயம். "நம்ம கடையில எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சொல்வார்கள். நல்லது. குடும்பம் என்றால் இபிஎப், சொக்சோ கட்டவேண்டாம் என்று அர்த்தம் இல்லை. குடும்பம் என்பதால்தான் முதலில் கட்டவேண்டும். சம்பளத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு ஒரு வாரம் தாமதம்; அவருக்கு மோட்டார் தவணை, வீட்டு வாடகை.

நம் இயக்கத்துக்கு

இதையும் சொல்லியாகவேண்டும். கோயில் திருவிழா, முகாம் என்றால் அதே நாலு பேர் ராத்திரி பகலாக நாற்காலி தூக்குவார்கள்; மேடையில் மாலை வேறு யாருக்கோ விழும். தொண்டருக்குச் சம்பளம் இல்லை. சாப்பாடும் ஓய்வும் ஒரு நன்றியும் கட்டாயம் உண்டு. நாம் வெளியே போதிப்பதை முதலில் உள்ளே செய்வோம்.

6. மனசு தாங்கவில்லை என்றால்

சில நேரம் இதெல்லாம் செய்தும் மனசு தாங்காது. தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றும். அப்போது தனியாக இருக்காதீர்கள். வகுப்பில் ஒரு அண்ணனையோ அக்காவையோ கூப்பிடுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி 15555. பிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. மருத்துவரைப் பார்ப்பது பலவீனம் இல்லை. கை உடைந்தால் கட்டுப் போடுகிறோம்; மனசுக்கும் அப்படித்தான். பரிகாரம், பிரார்த்தனை எல்லாம் செய்யுங்கள். அதோடு மருத்துவரையும் பாருங்கள்.

நண்பன் ஒருவன் திடீரென்று அமைதியாகிவிட்டால், "என்னடா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் இருங்கள்.

கலந்துரையாடலுக்கு

குழுவுக்கு ஐந்து பேராகப் பிரிந்து பேசுங்கள். பேசும்போது யாருடைய முதலாளி பெயரையும், நிறுவனத்தின் பெயரையும் சொல்லவேண்டாம்.

1. உங்கள் வேலையிடத்தில் பராமரிப்பு, ஓய்வு, மரியாதை, கேட்கும் காது ஆகிய நான்கில் எது நன்றாக இருக்கிறது? எது குறைகிறது?

2. 1941-இல் கிள்ளான் தொழிலாளர்கள் சைக்கிளைப் பற்றி ஏன் கேட்டார்கள்? இன்றைய வேலையிடத்தில் அதற்குச் சமமான ஒன்றைச் சொல்லுங்கள்.

3. கர்மயோகத்துக்கும் அநியாயத்தைப் பொறுத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த வார்த்தையில் விளக்குங்கள்.

இந்த வாரப் பயிற்சி

ஒன்று, உங்கள் வேலையிடத்தில் இதுவரை நீங்கள் பெயர் கேட்காத ஒருவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டுகிற அக்காவாக இருக்கலாம், காவலாளியாக இருக்கலாம். மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வையுங்கள்.

இரண்டு, உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வேலை நேரம், இடைவேளை, விடுப்பு மூன்றையும் மேலே உள்ள சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று, இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நம் கிளையில் புதிதாக ஒன்று செய்வோம். கருவிகளுக்குச் சந்தனம் வைத்து முடித்தவுடன், அந்தக் கருவிகளைப் பிடித்து வேலை செய்கிறவர்களை முன்னால் உட்காரவைத்து, அவர்கள் கையிலும் சந்தனம் வைப்போம். வீட்டில் கடை, பட்டறை வைத்திருக்கிறவர்கள் அப்பாவிடம் பேசி அங்கேயும் இதைச் செய்யுங்கள். அன்றைக்கு அவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் கொடுங்கள்.

அடுத்த மாதப் பாடம்: கடனும் சிக்கனமும். சம்பளச் சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.